சஃபோக் மாளிகையும் தண்ணீர்மலைத் தோட்டமும்: ஒருநாள் பயணத்திற்கு ஒரு முன்னோட்டம்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வரலாற்றுப் பாடத்தின் பொருட்டு ஒருநாள் வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்து சேர்ந்துள்ளது. எங்கே போகலாம் என்று ஆசிரியர் அறையில் கேட்டேன். நீர்விளையாட்டுப் பூங்கா என்றார் ஒருவர். விலங்குக் காட்சிசாலை என்றார் மற்றொருவர். "பினாங்குக்குத்தான் போகிறோம். ஆனால் கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் அல்ல" என்று நான் சொன்னதும், "பின்னே அங்கே என்ன இருக்கிறது ஐயா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். பள்ளிப் பிள்ளைகளோடு செல்லும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் இதேபோன்றதொரு பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். ஒரே நாளில் எட்டு இடங்கள்! ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும் தலை எண்ணுவதுமாகவே பொழுது கழிந்தது. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னபோது பெரும்பாலோர் ஐஸ் கச்சாங்கைப் பற்றி எழுதியிருந்தனர். பிள்ளைகள்மேல் பிழையில்லை, அன்று அவர்கள் நின்று நிதானமாகப் பார்த்த ஒரே பொருள் அதுதான். ஆகவே இம்முறை இரண்டே இடங்கள், மிஞ்சினால் மூன்று என்று முடிவு செய்தேன்.

ஜார்ஜ் டவுன் நகரம் தீவின் வடகிழக்கு முனையில், கடலை ஒட்டிய சமநிலத்தில் அமைந்திருக்கிறது. அதன் முதுகுப்புறம் மலை. நகரில் வெயிலும் புழுக்கமும் காய்ச்சலும் மிகுதி. ஆகையால் கும்பினி அதிகாரிகளும் வணிகர்களும் அலுவலை நகரில் வைத்துக்கொண்டு குடியிருப்பை மலையடிவாரத்தை நோக்கி நகர்த்தினார்கள். ஆற்றோரமாக விரிந்த நிலத்தை வளைத்து, நடுவே வீடும் சுற்றிலும் தோட்டமுமாக வாழ்ந்தனர். இப்பழக்கம் பினாங்கில் பிறந்ததன்று. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்த ஆங்கிலேயர், 18ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கு வெளியே தோட்டவீடுகள் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கல்கத்தாவிலும் அவ்வாறே. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, வரிசைத் தூண்கள், சுண்ணாம்புச் சாந்து பூசிய வெண்சுவர் எனும் அந்த அமைப்பு கும்பினிக் கப்பல்களோடு வங்கக் கடலைக் கடந்து இங்கே வந்தது. பினாங்கின் பழைய மாளிகைகளைச் சென்னையின் இளைய உடன்பிறப்புகள் எனலாம்.

அவற்றுள் மூத்தது சஃபோக் மாளிகை. ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தும் அதைப் பார்த்தவர் நம்மவருள் சிலரே. பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் கும்பினியின் கொடியை ஏற்றியவர் என்பதைப் பாடநூலில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்துக்காரர். இவ்வாற்றங்கரையில் மிளகுத் தோட்டம் போட்டு, அதற்குத் தம் ஊர்ப்பெயரையே வைத்தார். அவர் வாழ்ந்தது மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடு. இன்று நாம் காணும் இரண்டடுக்கு மாளிகை அவருக்குப் பின்னர் எழுந்தது. பலரும் இதனை லைட் கட்டியதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள்.

1794இல் லைட் காய்ச்சலால் இறந்தார். அவரோடு வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்ற மார்ட்டினா ரோசெல்ஸ் அம்மையாருக்கு இத்தோட்டம் சேரவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். எனினும் நிலம் அம்மையார் கையில் நிலைக்கவில்லை. பின்னாளில் ஆளுநராகவும் இருந்த வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் என்னும் கும்பினி அதிகாரியின் கைக்கு அது போயிற்று. அவர் காலத்தில்தான் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாளிகை உருவாயிற்று. விருந்துகளும் ஆளுநர்களின் வரவேற்புகளும் இங்கே நடந்தன. 1818ஆம் ஆண்டின் கடைசி நாளன்று பினாங்கில் வந்திறங்கிய ராஃபிள்ஸ், தெற்கே ஒரு புதிய துறைமுகம் தேடும் தம் திட்டத்தைப் பற்றி அப்போதைய ஆளுநர் பேனர்மனோடு வாதிட்டது இந்த மாளிகையில்தான் என்பர். பேனர்மன் அதை விரும்பவில்லை. அடுத்த மாதமே ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார்.

பிள்ளைகளுக்கு இதில் எது பிடிக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஆளுநர்களின் பெயர்ப்பட்டியல் நிச்சயமாகப் பிடிக்காது. மார்ட்டினா அம்மையாரின் மகன் வில்லியம் லைட்டின் கதை பிடிக்கும். அவர் பிறந்தது எங்கள் கெடா மாநிலத்துக் குவாலா கெடாவில் என்பர். ஆறு வயதளவில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவர்தான் பின்னாளில் தென் ஆஸ்திரேலியாவின் அடிலேய்ட் நகருக்கு இடம் தேர்ந்து வரைபடம் வகுத்தவர். அந்நகரைச் சுற்றிலும் பூங்கா நிலத்தை வளையமாக விட்டு வைத்தார். மிளகுத் தோட்டத்து நடுவே வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் ஒரு நகரத்தையே தோட்டத்து நடுவே வைத்தான் என்று சொல்லலாமோ? இது என் கற்பனை, பாடத்தில் சேர்க்கமாட்டேன். ஆனால் நம் பக்கத்து ஊரில் பிறந்தவர் என்று சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாளிகையின் பிற்காலம் இன்னும் சுவையானது. 1920களின் இறுதியில் மெதடிஸ்ட் திருச்சபை இதனைப் பள்ளிக்காக வாங்கியது. தலைமையாசிரியர் குடியிருப்பு, சிற்றுண்டிச் சாலை, பல் மருத்துவக் கூடம் எனப் பல வேடம் பூண்டது. பிறகு கவனிப்பாரின்றிக் கூரை சரிந்து, சுவரில் செடி முளைத்து, இடிபாடாக நின்றது. 2000ஆம் ஆண்டளவில் மாநில அரசு பள்ளிக்கு மாற்று நிலம் கொடுத்து இதனை மீட்டது. மரபுக் காவலர்களின் முயற்சியால் சீரமைப்பு 2007இல் நிறைவுற்றது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இடிந்த நிலையில் எடுத்த பழைய படமொன்றையும் இன்றைய படத்தையும் வகுப்பில் அடுத்தடுத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே வீடென்று பிள்ளைகள் நம்பவில்லை.

அப்போதுதான் ஒரு மாணவன் கையுயர்த்தினான். "ஐயா, இவ்வளவு பெரிய வீட்டுக்குச் சுற்றிலும் காடாக இருந்திருக்குமே, யார் ஐயா வெட்டினார்கள்?"

நல்ல கேள்வி. "தம்பி, உட்கார், இதைத்தான் நாம் போய்ப் பார்க்கப்போகிறோம்" என்றேன். 1790களிலிருந்து 1873 வரை பினாங்கு ஒரு சிறைத்தீவாகவும் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியார். வங்காளம், சென்னை, பம்பாய் மாநிலங்களில் தண்டனை பெற்றவர்களைக் கும்பினி கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. காலில் விலங்கோடு அவர்கள் சாலை போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள். நகரிலிருந்து தோட்டவீடுகளுக்குக் குதிரைவண்டி ஓடியதென்றால் அதற்கான பாதையில் இவர்களின் வியர்வை உண்டு. மாளிகைக்கு உரியவர்களை நாம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. பாதை போட்டவர்களோ ஏடுகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். ஆகையால் சஃபோக் மாளிகையில் அரை மணி நேரத்தைக் கட்டடத்துக்கும், கால் மணி நேரத்தை வாசலுக்கு வெளியே சாலைக்கும் ஒதுக்கியிருக்கிறேன். சாலையைப் பார்க்க எதற்குக் கால் மணி என்று துணைக்கு வரும் ஆசிரியை சிரித்தார். சிரிக்கட்டும்.

இரண்டாவது இடம் தாவரவியல் பூங்கா. மலாய்க்காரர் 'கெபுன் பூங்கா' என்பர், அதாவது பூந்தோட்டம். சாலைக்கும் அப்பெயரே. நம்மவருக்கு அவ்வட்டாரம் முழுவதும் தண்ணீர்மலை. மலையிடுக்கிலிருந்து விழும் அருவியால் வந்த பெயர். அருவிப் பள்ளத்தாக்கில் கருங்கல் உடைத்தெடுத்த இடமொன்று இருந்தது. 1884இல் அங்கே தோட்டம் அமைக்கும் பொறுப்பேற்று வந்தவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். இலண்டன் வீச் நாற்றுப்பண்ணைக்காகப் போர்னியோ, சுமத்ரா காடுகளில் செடி தேடி அலைந்தவர். கல் உடைத்த குழியும் பாறையுமாகக் கிடந்த நிலத்தை, ஓடையின் வளைவுகளைக் கெடுக்காமல், புல்வெளியும் மரக்கூட்டமுமாக மாற்றினார். 1903 வரை இருபது ஆண்டுகள் அவருக்கு இதுவே வேலை.

இத்தகைய தோட்டங்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல. நீரிணைக் குடியேற்ற அரசு எந்தப் பயிர் இம்மண்ணில் பணமாகும் என்று சோதித்துப் பார்த்த களங்கள் அவை. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தோட்டத்திற்கு வந்தன. 1888இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களை ரப்பர் நடச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தினார். அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்கு நம் தமிழ்ப்பள்ளிகளே சான்று. பெரும்பாலானவை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவை அல்லவா? பூங்காவில் ஏதேனும் ஒரு மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே நாகலிங்க மரம் உண்டு. பூவைப் பார்த்தவுடன் நம் பிள்ளைகள் "சாமிப் பூ!" என்று கூவுவார்கள். பீரங்கிக் குண்டுபோல் தண்டில் தொங்கும் காயைப் பார்த்து ஆங்கிலேயர் வேறு பெயர் வைத்தனர். மரமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நமக்கு நாகம், அவர்களுக்குப் பீரங்கி. இதைப் பயிற்சித்தாளில் கேள்வியாகவே வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதைப் பயணத் திட்டத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன்.

என் பாட்டி பினாங்குக்காரர். சிறுவயதில் தைப்பூசத்துக்கு எங்களைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், பூங்காவின் பக்கம் கைநீட்டி, "முருகன் முன்னே அங்கேதான்டா இருந்தான், தோட்டத்துக்குள்ளே, அருவிக்கிட்டே. வெள்ளைக்காரன் இங்கே ஏத்திவிட்டான்" என்பார். தம் தாயார் சொல்லக் கேட்டதாம். நாங்கள் நம்பவில்லை. பூங்காவுக்குள் ஏது கோயில்? குரங்குதான் இருக்கிறது என்று நானும் என் அண்ணனும் கேலி செய்தோம். பாட்டியும் விடாமல் ஒவ்வோராண்டும் அதையே சொல்வார். நாங்களும் ஒவ்வோராண்டும் சிரிப்போம்.

ஆசிரியரான பிறகு, பினாங்கின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. இப்பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதும் தண்ணீரின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவி நீரை நகருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் கட்டினார்கள். நகரம் பெருகப் பெருகத் தாகமும் பெருகியது. 1910இல் பூங்கா முழுவதையும் நீர்த்தேக்கமாக மாற்றிவிடுவதென்று நகராண்மையிடம் ஒப்படைத்தனர். கர்ட்டிஸ் சேர்த்த உலர்செடித் தொகுப்புகள் சிங்கப்பூருக்குப் போயின. இரண்டாண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டதால் பூங்கா பிழைத்தது. அருவியருகே இருந்த முருகன் சன்னிதி பிழைக்கவில்லை. குடிநீர் வரும் இடத்தில் திருவிழாக் கூட்டம் கூடுவது ஆகாது என்று 1910களின் நடுவில் எதிர்ப்புறக் குன்றில் இடம் கொடுக்கப்பட்டு, கோயில் அங்கே ஏறியது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளோடு நிற்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் அதன் வழிவந்ததே. குன்றின்மேல் நாம் காணும் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நடந்தது 2012இல்.

பாட்டி சொன்னது ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதை அவரிடம் சொல்ல அவர் அப்போது இல்லை.

ஆகவே பூங்காவுக்குள் நுழைந்ததும் அருவி இருக்கும் திசையைப் பார்த்து நிற்போம். அருவி இன்று நீர் வழங்கும் நிறுவனத்தின் எல்லைக்குள் இருப்பதால் பொதுமக்கள் கிட்டே போக இயலாது. திசையைக் காட்டினால் போதும். பின் வெளியே வந்து அதே சாலையில் குன்றுக் கோயிலின் அடிவாரம். படியேறும் எண்ணமில்லை; நண்பகல் வெயிலில் நாற்பத்து நான்கு பிள்ளைகளை ஏற்ற எனக்குத் துணிவில்லை. சற்றுத் தள்ளி, 1857இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். தைப்பூசத்திற்கு முதல்நாள் நகரத்துக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம் வந்து சேரும் இடம். தேக்குத் தூண்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். சஃபோக் மாளிகைத் தூண்களைப் பார்த்த கையோடு இவற்றையும் பார்த்தால், தோட்டமும் வீடும் வெள்ளையருக்கு மட்டும் உரியனவாக இருக்கவில்லை என்பது தானே விளங்கும்.

மூன்றாவது இடமாகப் பினாங்குக் கொடிமலையைச் சேர்க்கலாமா என்பதில்தான் பெரிய போராட்டம். மலையுச்சி பங்களாக்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. உதகமண்டலத்தில் ஆங்கிலேயர் முதல் வீட்டைக் கட்டியது 1820களில். அதற்கும் முன்பே பினாங்கு மலையில் குளிர்காற்று வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளுநருக்கென்று பெல் ரெட்டிரோ என்னும் மாளிகை. சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய கிராக் விடுதி. 1923இல் இழுவை இரயில் ஓடும்வரை நடந்தோ, குதிரையிலோ, ஆள் சுமக்கும் டோலியிலோதான் ஏறவேண்டும். டோலி என்னும் சொல்லே இந்தியாவிலிருந்து வந்தது. உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்பதைப் பிள்ளைகள் காணவேண்டும் என்ற ஆசையும் உண்டு.

ஆயினும் விட்டுவிட்டேன். பள்ளி விடுமுறைக் காலத்தில் இரயிலுக்கு நிற்கும் வரிசையே ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். பங்களாக்கள் பலவற்றை வெளியில் நின்றுதான் பார்க்க முடியும். எட்டு இடப் பயணத்தின் பாடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரயில் இல்லை என்றதும் வகுப்பில் பெருமூச்சு. ஒரு மாணவி கண்கலங்கியே விட்டாள். அவளுக்காக ஒரு சிறு மாற்று வைத்திருக்கிறேன். பூங்கா வாசலருகே மலைக்கு ஏறும் ஜீப் பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செங்குத்து. அதில் நூறடி மட்டும் நடந்து, டோலி சுமந்தவர்களின் தோள் எப்படி வலித்திருக்கும் என்று புத்தகப்பையைத் தலையில் வைத்துப் பார்க்கலாம். அருகே சாலையோரத்தில் நிலவு வாசல் என்னும் வட்டவடிவ வாயில் ஒன்றும் நிற்கிறது. ஒரு சீனச் செல்வரின் தோட்டத்திற்குரியது. வாயில் இருக்கிறது, வீடு இல்லை.

இனிச் செய்திகள் சில.

பேருந்து காலை 6.30க்குப் பள்ளியிலிருந்து புறப்படும். 1985இல் திறந்த முதற் பாலத்தின் வழியே தீவுக்குப் போகிறோம். பட்டர்வொர்த் படகில் ஏறலாமே என்று கேட்கும் பெற்றோருக்கு: 2021 முதல் அதில் பேருந்தை ஏற்ற முடியாது. முதலில் பூங்கா, காலை வெயில் ஏறுமுன். பிறகு செட்டியார் கோயில். நடை சாத்தும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பின் சஃபோக் மாளிகை, ஏனென்றால் அங்கே நிழலும் தாழ்வாரமும் உண்டு. மாளிகை திறந்திருக்கும் நாளும் கட்டணமும் மாறக்கூடியவை. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, பள்ளிக் கடிதம் அனுப்பி உறுதி செய்துகொள்வது நல்லது. வரலாற்று வரிசைப்படி மாளிகைதான் முதலில் வரவேண்டும் என்று எனக்கும் தெரியும். வெயிலுக்கு வரலாறு தெரியாதே!

பூங்காவில் குரங்குகளுக்குத் தீனி போடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. ஞெகிழிப் பையைக் கண்டால் அவை பாய்ந்து பறிக்கும். ஆகையால் நொறுக்குத்தீனிகளைப் பேருந்திலேயே விட்டுச் செல்ல வேண்டும். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, எழுதுகோல் போதும். பயிற்சித்தாளை நானே கொண்டுவருவேன்.

நேற்றுவரை ஒப்புதல் படிவம் முப்பத்தெட்டு வந்துவிட்டது. இன்னும் ஆறு வரவேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால், வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட்டுப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள்.